எல்லா நிப்பிளும் கிரீஸுக்கு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்கள் பற்றி வந்த கட்டுரையில் படங்கள் அருமை. ஆனால் பராமரிப்புக் குறிப்புகளில் ஒரு வரியை அப்படியே விட்டுவிட முடியாது. ‘முன் சக்கரங்களில் உள்ள நிப்பிள்கள் எல்லாவற்றிலும் ஆண்டுக்கொருமுறை கிரீஸ் அடித்துவிடுங்கள்’ என்கிறது அது. நிப்பிள் என்பது கிரீஸ் கன்னைப் பொருத்தும் சிறு முனை. எம்.ஜி.பி. காருக்கு இது பொருந்தும். டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் வைத்திருப்பவர் இதை நம்பிச் செய்தால், ஒருநாள் முன் சக்கரம் மடங்கிப் படுத்துவிடும்.

ஸ்பிட்ஃபயர், ஜி.டி.6, விட்டெஸ், இவற்றுக்கெல்லாம் மூலமான ஹெரால்டு ஆகிய டிரையம்ஃப் கார்களில் முன் சக்கரத்தைத் தாங்கி நிற்கும் எஃகுத் துண்டின் அடிப்பாகத்தில் மரை வெட்டியிருக்கும். அந்த மரை ஒரு வெண்கலக் கூட்டுக்குள் திருகி உட்காரும். அந்தக் கூடுதான் டிரன்னியன். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் எஃகு மரை வெண்கலத்துக்குள் கொஞ்சம் ஏறி இறங்குகிறது. லோட்டஸ் எலானிலும் இதே டிரையம்ஃப் சாமான்தான்.

இந்த இடத்துக்குக் கையேடு கேட்பது இ.பி.90 கியர் ஆயில். கிரீஸ் அடித்தால் அது மரையின் மேல்பகுதிவரை ஏறாது. நாளாக நாளாக மெழுகாக இறுகி, பின்னால் யாராவது ஆயில் அடித்தாலும் போக வழியில்லாமல் அடைத்துக்கொள்ளும். ஈரம் இறங்கும், மரை துருப்பிடித்து இளைக்கும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. பெரும்பாலும் வண்டியை நிறுத்துமிடத்தில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போதுதான் முறியும். அது நெடுஞ்சாலையில் நடக்காமல் போவது அதிர்ஷ்டம், அவ்வளவே.

செய்ய வேண்டியது பெரிய வேலை அல்ல. ஒரு கிரீஸ் கன்னைத் தனியாக ஆயிலுக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். காரை ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரம் பாரமின்றித் தொங்கட்டும். பல கார்களில் டிரன்னியனில் நிப்பிள் இருக்காது, ஒரு சிறு பிளக்தான் இருக்கும். அதைக் கழற்றி நிப்பிளைப் போட்டு, கன்னில் இ.பி.90 ஊற்றி அடியுங்கள். மேலே ரப்பர் சீல் அருகே ஆயில் கசியும்வரை அடிக்க வேண்டும். நடுவில் ஸ்டியரிங்கை இரு பக்கமும் ஒருமுறை திருப்பினால் ஆயில் மரை முழுக்கப் பரவும். 3,000 மைலுக்கு ஒருமுறை, ஓட்டம் குறைவானால் ஆண்டுக்கு இருமுறை. அடித்துக்கொண்டே இருந்தும் ஆயில் கசியவில்லையென்றால் உள்ளே பழைய கிரீஸ் அடைத்திருக்கிறது என்று பொருள். கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி மரையைப் பாருங்கள். குழிகள் தென்பட்டால் எஃகுத் துண்டையும் வெண்கலக் கூட்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். இடப்பக்கக் கூடும் வலப்பக்கக் கூடும் வேறு வேறு. திரும்பப் பூட்டும்போது அடிவரை திருகிவிட்டு அப்படியே விடக்கூடாது. ஏறக்குறைய ஒரு சுற்று பின்வாங்கி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஸ்டியரிங் முழுக்கத் திரும்பும்போது மரை அடியில் முட்டும்.

இது லண்டன்வாசிகளின் கவலை மட்டும் அல்ல. 1961 முதல் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டிலும் இதே முன் அமைப்புதான். தமிழ்நாட்டில் அதை இன்னும் பாதுகாத்து ஓட்டுபவர்கள் உண்டு. அவர்கள் கண்ணில் அந்தக் கட்டுரை பட்டிருக்கும் என்பதாலேயே இந்தத் திருத்தத்தைத் தாங்கள் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எம்.ஜி.பி.யில் இருப்பது கிங்பின், அதாவது முன் சக்கரம் திரும்பும் அச்சுத் தண்டு. பக்கத்துக்கு மூன்று நிப்பிள். அங்கே கிரீஸ்தான். ஆனால் அங்கும் சக்கரம் தரையில் அழுந்தியிருக்கும்போது அடித்தால் பாரம் தாங்கும் பக்கத்துக்குக் கிரீஸ் போய்ச் சேராது. சக்கரம் தொங்க வேண்டும் என்பது இரண்டுக்கும் பொது.

இனி இரண்டாவது விஷயம். ‘வாங்கியவுடன் செய்ய வேண்டிய மேம்பாடுகள்’ என்று கட்டுரையில் ஒரு பட்டியல்: இரட்டை எஸ்.யு. கார்பரேட்டரை (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கருவி) எடுத்துவிட்டு வெபர் கார்பரேட்டர், முன்னும் பின்னும் டெலஸ்கோப் ஷாக் அப்சார்பர், எலக்ட்ரானிக் இக்னிஷன், ஐந்து கியர் பெட்டி. இவற்றில் கெட்ட சாமான் என்று எதுவும் இல்லை. ஆனால் வரிசை தலைகீழ். தேய்ந்த காரின் மேல் புதுச் சாமானை மாட்டினால் பழைய கோளாறு ஒளிந்துகொள்ளும், புதுக் கோளாறு ஒன்று கூடச் சேரும். இந்தக் கார்களுக்கு ‘நடுவழியில் நிற்பவை’ என்ற பெயர் வந்ததில் பாதிப் பங்கு இப்படிப்பட்ட பாதி வேலைகளுக்கு உண்டு. எம்.ஜி.பி.யையே எடுத்துக்கொள்கிறேன். 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டனில் ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரான வண்டி. சாமான் கிடைக்காத கவலையே இல்லை. 1988 முதல் முழு பாடியையே புதிதாக அடித்து விற்கிறார்கள்.

இன்ஜின் சீராக ஓடவில்லையென்றால் எல்லோர் கையும் முதலில் போவது கார்பரேட்டருக்கு. கடைசியில் போக வேண்டிய இடம் அது. முதலில் வால்வு இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதை அமுக்கும் ராக்கருக்கும் நடுவில் உள்ள இடைவெளி. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது 0.015 அங்குலம், பட்டறைக் கணக்கில் 15 தௌ. எட்டு வால்வுக்கும் ஒரு எளிய கணக்கு உண்டு: கூட்டுத்தொகை 9. எட்டாவது வால்வு முழுக்க அமுங்கியிருக்கும்போது முதலாவதை அளக்க வேண்டும், ஆறாவது அமுங்கியிருக்கும்போது மூன்றாவதை. இந்த அளவுகளை ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வைப்பது நல்லது. பிரிட்டனில் ஈயம் கலந்த பெட்ரோலின் பொது விற்பனை 1999ஆம் ஆண்டோடு நின்றது. வால்வு அமர்ந்து மூடும் விளிம்பான வால்வு சீட்டுக்கு மெத்தைபோல இருந்தது அந்த ஈயம்தான். எக்சாஸ்ட் வால்வின் இடைவெளி ஆயிரம் மைலுக்கொருமுறை குறைந்துகொண்டே வந்தால் சீட் உள்வாங்குகிறது, ஹெட்டை இறக்கிக் கடின சீட் போடும் காலம் வந்துவிட்டது. குறையவில்லையா, ஹெட்டைத் தொடவே வேண்டாம். முன்கூட்டியே எல்லோரும் சீட் மாற்றியாக வேண்டும் என்பது கடைக்காரர் பேச்சு.

அடுத்தது இக்னிஷன், அதாவது பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறி. பாயின்ட் (பொறிக்காக மின்சாரத்தை விட்டு விட்டு வெட்டும் முனைகள்) இடைவெளி 14 முதல் 16 தௌ, பிளக் இடைவெளி 25 தௌ, எரியும் வரிசை 1-3-4-2. பொறியைச் சிலிண்டர்களுக்குப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயின்ட் தட்டின் கீழே இரண்டு சிறு எடைகளும் ஸ்பிரிங்குகளும் உண்டு. வேகம் கூடும்போது பொறி முன்கூட்டி விழச் செய்பவை அவைதான். காய்ந்து இறுகிப்போனால் வண்டி ஏற்றத்தில் திணறும். பழி கார்பரேட்டர் மேல் விழும். ரோட்டரைக் கழற்றி, அந்தத் தண்டின் நுனியிலும் தட்டின் இடைவெளி வழியாகவும் இரண்டு சொட்டு ஆயில் விடுங்கள். பிறகு ரோட்டரை விரலால் சுழலும் திசையில் சற்றுத் திருப்பி விட்டால் ஸ்பிரிங் இழுத்துத் திரும்ப வேண்டும். வேக்குவம் குழாயை வாயில் வைத்து உறிஞ்சி நாக்கால் அடைத்தால் தட்டு நகர்ந்து அங்கேயே நிற்க வேண்டும். மெல்லத் திரும்பினால் உள்ளே டயஃப்ரம் ஓட்டை. புதிதாக வரும் கன்டென்சர்களில் மட்டமான சரக்கு நிறைய. பழையது வேலை செய்துகொண்டிருந்தால் அதைத் தூக்கி எறியாமல் டிக்கியில் போட்டு வையுங்கள்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் எஸ்.யு. பக்கம் வர வேண்டும். ஸ்கின்னர்ஸ் யூனியன் என்பதன் சுருக்கம் அந்தப் பெயர். உள்ளே ஒரு பிஸ்டன், அதில் ஒரு ஊசி, கீழே ஒரு ஜெட். இன்ஜின் இழுக்கும் காற்றுக்கேற்பப் பிஸ்டன் தானே ஏறும், ஊசியும் கூடவே ஏறிப் பெட்ரோலுக்கு வழிவிடும். இவ்வளவு எளிய கருவியை மாற்ற நினைக்கும் முன் ஒருமுறை ஒழுங்காக டியூன் செய்து பார்க்க ஒரு மதியம் போதும்.

ஆரம்பகால எச்.எஸ்.4 வகைக்கு முறை இது. மேல் மூடியைக் கழற்றுமுன் எது எந்தக் கார்பரேட்டருடையது என்று குறியிடுங்கள். மூடியும் பிஸ்டனும் ஜோடி, மாறக்கூடாது. பெட்ரோலில் நனைத்த துணியால் துடைத்தால் போதும், எமரி தாள் கூடவே கூடாது. திரும்பப் பூட்டிய பின் பிஸ்டனை விரலால் தூக்கி விட்டால் ‘டக்’கென்று உலோகச் சத்தத்தோடு விழ வேண்டும். மெத்தென்று விழுந்தால் ஊசி ஜெட்டில் உரசுகிறது. ஜெட்டின் பெரிய நட்டைத் தளர்த்தி, மையம் பார்த்து இறுக்க வேண்டும். பிறகு ஜெட்டை மேல்விளிம்புவரை ஏற்றி, அங்கிருந்து சரிசெய்யும் நட்டை 12 முகம், அதாவது இரண்டு முழுச் சுற்று, இறக்குங்கள். இரண்டு கார்பரேட்டரையும் இணைக்கும் தண்டின் கிளாம்ப்களைத் தளர்த்திவிட்டு இன்ஜினைச் சூடாக்குங்கள். அரை மீட்டர் ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறு முனையைக் கார்பரேட்டரில் காற்று நுழையும் துளையிலும் வைத்தால் சீறல் கேட்கும். இரண்டிலும் ஒரே சீறலாக வரும்வரை ஐடிலிங் திருகுகளைத் திருப்புங்கள். இதற்கென்று விற்கும் மீட்டர்கள் வசதிதான். காது போதும்.

கலவையைப் பார்க்கப் பிஸ்டனை முப்பத்திரண்டில் ஒரு பங்கு அங்குலம், ஒரு நகக்கனம், தூக்க வேண்டும். இன்ஜின் வேகம் கூடி அப்படியே நீடித்தால் பெட்ரோல் அதிகம். உடனே தடுமாறி விழுந்தால் குறைவு. லேசாகக் கூடிப் பழைய நிலைக்கு வந்தால் சரி. ஒரு நேரத்தில் ஒரு முகம் மட்டுமே திருப்புங்கள். கடைசியில் கார்பரேட்டரின் உச்சியில் உள்ள டேம்பரை (பிஸ்டன் சட்டென்று ஏறாமல் தடுக்கும் தண்டு) கழற்றி, பிஸ்டனின் குழல் தண்டு உச்சிக்கு அரை அங்குலம் மேல்வரை எஸ்.ஏ.இ. 20 ஆயில் ஊற்றுங்கள். இது வறண்டால் ஆக்சிலரேட்டரை மிதித்ததும் பிஸ்டன் ‘விருட்’டென்று ஏறி, காற்று அதிகமாகி, வண்டி ஒரு கணம் விக்கும். ‘எஸ்.யு. சரியில்லை, வெபர் போடலாம்’ என்ற முடிவு பல இடங்களில் இந்த ஒரு கரண்டி ஆயில் இல்லாததால் எடுக்கப்படுகிறது.

எவ்வளவு திருகியும் ஐடிலிங் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தால் காற்று வழியைத் திறந்து மூடும் திராட்டில் தண்டு தேய்ந்து பக்கவாட்டில் காற்று புகுகிறது. அது திருகாணியால் தீராது, புதுத் தண்டும் புஷ்ஷும் வேண்டும். வெபரைப் பற்றி என் கருத்து: பந்தயத்துக்கென்று ஹெட்டும் கேம்மும் வேலை செய்த இன்ஜினுக்குப் பக்கவாட்டு இரட்டை வெபர் பொருந்தும். ரோட்டில் ஓடும் சாதாரண 1798 சி.சி. இன்ஜினுக்கு அது செலவு.

பெட்ரோலைப் பற்றிக் கட்டுரை எதுவும் சொல்லவில்லை. 2021 செப்டம்பரில் பிரிட்டனின் சாதாரண பெட்ரோல் இ10, அதாவது 10 சதவீதம் வரை எத்தனால் கலந்தது, ஆனது. சூப்பர் வகையில் எத்தனால் 5 சதவீதத்துக்கு மேல் போகாது, பழைய கார்களுக்கு அதுதான். எத்தனால் பழைய ரப்பர் குழாயை உள்பக்கமாக ஊறவைத்துப் பிய்க்கும். வெளியே பளபளவென்று இருக்கும் குழாயிலிருந்து கறுப்புத் துகள் கார்பரேட்டரில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் அறைக்கு வரும். குழாய்களை எத்தனாலைத் தாங்கும் ஆர்9 தரத்துக்கு மாற்றுங்கள், மாற்றிய ஆண்டை எழுதி வையுங்கள். எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் கலவையில் பெட்ரோல் சற்றுக் குறைந்ததுபோல ஆகும், வேறு வழியின்றி இ10 போட நேர்ந்தால் ஜெட்டை ஒரு முகம் இறக்கலாம். இந்தியாவில் இப்போது இ20 என்பதால் ஹெரால்டு வைத்திருப்போர் இதை இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும். ஆயிலிலும் ஒரு வார்த்தை: 20டபிள்யூ-50, துத்தநாகச் சேர்மானம் போதிய அளவு உள்ளது. நவீனக் கார்களுக்கான மெல்லிய ஆயிலை ஊற்றினால் கேம்மும் டாப்பெட்டும் தேயும்.

லூகாஸ் மின் சாமான்களைக் கேலி செய்யாமல் ஒரு கட்டுரையும் முடிவதில்லை. லூகாஸின் பெயரில் எழுதப்படும் குற்றங்களில் பெரும்பாலானவை எர்த்தின், அதாவது மின்சாரம் காரின் உடல் வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பின், குற்றங்கள். பின் விளக்கு மங்கலாக எரிகிறதா? விளக்கைப் போட்டுவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை விளக்கின் உலோக உடலிலும் மறு முனையை பேட்டரியின் எர்த் முனையிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் இணைப்பில் துரு. சுரண்டி, புது நட்டுப் போட்டு, வாசலின் தடவினால் விளக்கு பளிச்சென்று எரியும். புல்லட் கனெக்டர்களையும் அப்படியே. ஃபியூஸில் ஒரு பெரிய கண்ணி உண்டு: பழைய லூகாஸ் கண்ணாடி ஃபியூஸில் 35 என்று எழுதியிருப்பது உருகும் அளவு. தொடர்ந்து தாங்குவது 17 ஆம்பியர்தான். மற்ற வகை ஃபியூஸ்களில் எழுதுவது தொடர்ந்து தாங்கும் அளவு. எண்ணைப் பார்த்து அந்த வகையில் 35 போட்டால் ஃபியூஸுக்கு முன் ஒயர் எரியும்.

1967 வரை வந்த எம்.ஜி.பி.களில் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் காரின் உடலோடு இணைந்திருக்கும். எலக்ட்ரானிக் இக்னிஷன் வாங்குமுன் உங்கள் கார் எது என்று பாருங்கள், தவறான வகையை மாட்டினால் ஒரு நொடியில் போய்விடும். வலது பின் சக்கரத்தருகே உள்ள எஸ்.யு. பெட்ரோல் பம்ப் தன் நிலையைத் தானே சொல்லும். சாவி போட்டதும் ‘டக் டக் டக்’கென்று அடித்து, மெதுவாகி, நின்றால் நலம். நிற்காமல் அடித்தால் டேங்க் காலி, அல்லது எங்கோ காற்று இழுக்கிறது, அல்லது ஃப்ளோட் வால்வு மூடாமல் பெட்ரோல் வழிகிறது. அடிக்கவே இல்லையென்றால் பாயின்ட் தீய்ந்திருக்கும். ஸ்பானர் பிடியால் ஒரு தட்டு தட்டினால் வீடு வந்து சேரலாம்.

கம்பிச் சக்கரம் உள்ள கார்களில், சக்கரத்தை நடுவில் பிடிக்கும் ஒற்றை நட்டில், இடப்பக்க நட்டு வலமரை, வலப்பக்க நட்டு இடமரை. ஓடும்போது தானே இறுகுவதற்காக அப்படி. பின் ஆக்ஸிலைக் கழற்றிப் பூட்டியவர் பக்கம் மாற்றிவிட்டால் சக்கரம் தானே கழலும். பிரேக்கை ஒருவர் மிதித்திருக்க, தூக்கிய சக்கரத்தை முன்னும் பின்னும் அசையுங்கள். ஹப் நிற்கச் சக்கரம் மட்டும் அசைந்தால் உள்பற்கள் தேய்ந்துவிட்டன. சக்கரத்தை மட்டும் மாற்றினால் பழைய ஹப் புதுச் சக்கரத்தையும் சில மாதங்களில் தின்றுவிடும்.

துருவைப் பற்றிக் கட்டுரையாளர் ‘பெயின்ட் உப்பியிருக்கிறதா பாருங்கள்’ என்பதோடு நிறுத்திக்கொண்டார். திறந்த எம்.ஜி.பி.க்குக் கூரை இல்லை. முதுகெலும்பு கதவுக்குக் கீழே ஓடும் சில் பெட்டிதான். ஜாக்கி முனையில் தூக்கிவிட்டுக் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். கதவு உரசினாலோ மேல் இடைவெளி குறுகினாலோ உள்ளே உளுத்துவிட்டது. சில்லை வெட்டுமுன் கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புச் சட்டம் வெல்டிங் செய்தாக வேண்டும். இல்லாவிட்டால் பாடி நடுவில் தொய்ந்து அப்படியே நிலைத்துவிடும், கதவு ஆயுளுக்கும் பொருந்தாது. வெளித்தகட்டை மட்டும் பழையதின் மேல் ஒட்டிப் பெயின்ட் அடித்து விற்பதும் நடக்கிறது.

பிரேக்கில் சுருக்கமாக: டாட் 4 திரவம், இரண்டு ஆண்டுக்கொருமுறை முழுக்க மாற்றம். ஈரத்தை உறிஞ்சும் திரவம் அது. ஓடாமல் நிற்கும் கார்களில் காலிப்பர் பிஸ்டன் இறுகுவதற்கு அதுவே காரணம்.

இத்தனையும் முடிந்த பிறகு மேம்பாடு. செய்யத் தக்கவை என்று நான் நினைப்பவை சிலவே. ஹெட்லைட்டுக்கு ரிலே: மின்சாரம் முழுவதும் பழைய ஸ்விட்ச் வழியாகப் போகாமல் நேரே போவதால் ஸ்விட்ச் தப்பிக்கும், வெளிச்சமும் கூடும். முன் விஷ்போனுக்கு (முன் சக்கரத்தைக் காரோடு இணைக்கும் கவட்டை வடிவக் கை) வி8 வகை ரப்பர் புஷ்: விலை குறைவு, வித்தியாசம் முதல் வளைவிலேயே தெரியும். திருகி மாட்டும் ஆயில் ஃபில்டர். எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டாலும் பழைய பாயின்ட் தட்டை டிக்கியில் வைத்திருங்கள், சாவியை ‘ஆன்’ நிலையில் மறந்துவிட்டால் மாட்யூல் எரிந்துபோகலாம். ஷாக் அப்சார்பரைப் பொறுத்தவரை, எம்.ஜி.பி.யின் முன் நெம்புகோல் டேம்பரே மேல் விஷ்போனாகவும் வேலை செய்கிறது. டெலஸ்கோப் மாட்டினாலும் அது அங்கேயேதான் இருக்கும். கசிந்தால் புதுப்பித்ததை வாங்கிப் போடுவது உத்தமம்.

ஓவர்டிரைவ் (கியர்பெட்டியோடு சேர்ந்து, அதே வேகத்தில் இன்ஜினின் சுற்றைக் குறைக்கும் கருவி) உள்ள காருக்கு ஐந்து கியர் பெட்டி வீண். லேகாக் ஓவர்டிரைவ் வேலை செய்யாவிட்டால் பெட்டியை இறக்குமுன் ஒயரையும், கியர்பெட்டி மேலுள்ள ஸ்விட்சையும், ஆயில் அளவையும் பாருங்கள். கியர்பெட்டிக்கும் அதற்கும் ஒரே ஆயில், அதுவும் இன்ஜின் ஆயில் 20டபிள்யூ-50. வழுக்கும் தன்மையைக் கூட்டும் சேர்மானம் எதையும் ஊற்றினால் உள்ளே கூம்பு கிளட்ச் பிடிக்காது.

ஓட்டும் இன்பத்தைப் பற்றிக் கட்டுரையாளர் எழுதியதில் எனக்கு மறுப்பில்லை. டெர்பிஷயரின் ஸ்நேக் பாஸ் சாலையில் மூன்றாம் கியரில், ஓவர்டிரைவைப் போட்டும் எடுத்தும் போவதைவிடப் பெரிய சுகம் இந்தக் காருக்கும் இல்லை. ஆனால் ‘வாரம் ஒருமுறை ஷெட்டிலேயே பத்து நிமிடம் ஓடவிடுங்கள்’ என்பது கெடுதல். இன்ஜின் முழுச் சூடு ஏறாமல் ஆயிலில் நீர் சேரும், சைலன்சர் உள்ளிருந்து துருப்பிடிக்கும். எடுத்தால் அரை மணி நேரமாவது ரோட்டில் ஓட்டுங்கள், இல்லையேல் விட்டுவிடுங்கள். சாலையில் உப்புத் தூவும் நாட்களில் எடுக்க வேண்டாம். எடுத்தே ஆக வேண்டியிருந்தால் அன்றே அடிப்பாகத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். குளிரில் விறைத்த வினைல் கூரையை மடக்கினால் மடிப்பில் வெடிக்கும், வெயிலில் சற்று நிறுத்திவிட்டு மடக்குங்கள்.

கடைசியாக, 40 ஆண்டு கடந்த கார்களுக்கு 2018 மே முதல் பிரிட்டனின் ஆண்டு வாகனத் தகுதிச் சோதனையான எம்.ஓ.டி. கட்டாயமில்லை என்று கட்டுரையில் இருப்பது சரிதான், பெரிய மாறுதல் செய்யாத கார்களுக்கு. ஆனாலும் ஆண்டுக்கொருமுறை பணம் கட்டிச் சோதிக்கச் சொல்லலாம், அதற்குத் தடையில்லை. சோதனை மேடையில் கார் தூக்கி நிற்கும்போது முன் சக்கரத்தடியில் டார்ச் அடித்து டிரன்னியனைப் பாருங்கள். மேல் சீலைச் சுற்றி ஆயில் ஈரம் இருக்க வேண்டும். காய்ந்த கறுப்புக் கிரீஸ் திரண்டிருந்தால், வீட்டுக்கு மெதுவாக ஓட்டிப் போய் அன்றே கழற்றுங்கள்.

இப்படிக்கு,
பழைய கார் பட்டறை வேலை அறிந்த ஒரு வாசகர்,
ஈஸ்ட்ஹாம், லண்டன்.